அம்மாச்சி கழுத்தில் மஞ்சள் கயிறு

கடந்த தை மாதம் திருப்பரங்குன்றத்தில் எங்கள் அம்மாச்சிக்குக் கல்யாணம் நடந்தது. அம்மாச்சிக்கு வயது 66. மாப்பிள்ளைக்கு 70. நான்தான் அம்மாச்சிக்குத் தலை பின்னிப் பூ வைத்துவிட்டேன். அன்று வாழ்த்துச் சொன்ன எல்லாருக்கும் நன்றி. ஆனால் சொந்தக்காரர்கள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிற பேச்சுக்குப் பதில் சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை.

அம்மாச்சிக்குச் சோழவந்தான். தாத்தா இறந்தபோது அம்மாச்சிக்கு 35 வயது, என் அம்மாவுக்கு 14, மாமாவுக்கு 10. கொடிக்காலில் வெற்றிலை கிள்ளி, கட்டுக் கட்டாகக் கவுளி அடுக்கி, நடவு, களை என்று கிடைத்த வேலையெல்லாம் பார்த்து இரண்டு பேரையும் ஆளாக்கினார். ஆதரவற்ற விதவைகளுக்கு அரசாங்கம் தரும் உதவித்தொகை மாதாமாதம் மணியார்டரில் வரும். அதைக் கொண்டுவந்து கொடுத்த தபால்காரர்தான் இன்று எங்களுக்குத் தாத்தா.

கைநாட்டு வைத்துக்கொண்டிருந்த அம்மாச்சிக்குக் கையெழுத்துப் போடச் சொல்லிக் கொடுத்தவர் அவர். திண்ணையில் உட்கார்ந்து, பழைய பாரத்தின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டுவாராம். பிறகு உதவித்தொகை வங்கி வழியாக வரத் தொடங்கியது, அவரும் ஓய்வு பெற்றார். அவர் மனைவி இறந்து ஒன்பது வருடம் ஆகிறது. பிள்ளைகள் இருவரும் வெளியூர். வாடிப்பட்டியில் தனியாகச் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

போன வைகாசியில் ஜெனகை மாரியம்மன் திருவிழாவுக்கு வந்தவர், நேராக வீட்டுக்கு வந்து என் அம்மாவிடம் கேட்டார். "நான் ஒண்ணு கேட்டா தப்பா நெனக்கக் கூடாதும்மா. ஒங்க அம்மாவ நான் கல்யாணம் பண்ணிக்கிறேன். அவுங்களுக்குச் சம்மதம். ஒங்களுக்கும் சம்மதமான்னு கேக்கத்தான் வந்தேன்." அம்மா மூன்று நாள் அழுதார். நானும் முதலில் முகம் கொடுத்துப் பேசவில்லை. என் நிச்சயதார்த்தப் பேச்சு நடந்துகொண்டிருந்த நேரம். மாப்பிள்ளை வீட்டில் என்ன நினைப்பார்களோ என்பதுதான் என் கவலையாக இருந்தது. அந்த மூன்று நாளும் அம்மாச்சி வழக்கம்போல எங்களுக்குச் சோறு பொங்கிப் போட்டார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதை இன்று நினைத்தாலும் எனக்கு மனசு வலிக்கிறது.

மாமாதான் பெரிதாகச் சத்தம் போட்டார். "ஊர்ல தலகாட்ட முடியுமா? அப்பன் பேரக் கெடுக்குற" என்றார். அம்மாச்சி இல்லையென்றால் மாமாவின் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப ஆளில்லை, மாட்டுக்குத் தண்ணி காட்ட ஆளில்லை. இது எங்கள் வீட்டுக்கு மட்டும் உள்ள கதையா என்று ஒவ்வொருவரும் தங்கள் வீட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். கிழவியின் கல்யாணத்தை மானப் பிரச்சினை ஆக்குகிற வீடுகளில், அந்தக் கிழவியின் உழைப்பில் அடுப்பு எரிந்துகொண்டிருக்கிறது. அதே மாமா, பக்கத்துத் தெருவில் பெண்டாட்டி செத்த வருடமே இன்னொன்று கட்டிக்கொண்ட பெரியவரைப் பற்றி, "பாவம், கஞ்சி ஊத்த ஆளு வேணும்ல" என்று சொன்னவர். 31 வருடம் எல்லாருக்கும் கஞ்சி ஊற்றியவருக்குத் துணை வேண்டும் என்று மட்டும் யாருக்கும் தோன்றவில்லை.

இது மேனாட்டுப் பழக்கம், டவுன் பழக்கம் என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். மதுரையைச் சுற்றியுள்ள பல சமூகங்களில் அறுத்துக் கட்டுவது ஊரறிந்த வழக்கமாக இருந்தது. புருஷன் செத்தால் இன்னொருவரைக் கட்டுவதில் கூச்சம் இருக்கவில்லை. பின்னாளில் மேல்சாதி வழக்கத்தைப் பார்த்து நாமும் மாறினோம். 'அறுத்துக் கட்டுற சாதி' என்பது வசைச்சொல் ஆகிவிட்டது. சட்டமோ 1856லேயே விதவை மறுமணத்தை ஏற்றுக்கொண்டது.

அப்புறம் சொத்துப் பேச்சு. "இன்னொருத்தனக் கட்டிட்டா எங்கப்பா சொத்துல ஒனக்குப் பங்கு கெடையாது" என்றார் மாமா. இது தவறு. 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, தாத்தா உயில் எழுதாமல் இறந்த அன்றே அவருடைய சொத்தில் பிள்ளைகளுக்குச் சமமான ஒரு பங்கு அம்மாச்சிக்கு வந்துவிட்டது. மறுமணம் செய்தால் அது பறிபோகாது. இருந்தும் அம்மாச்சி தன் பங்கை இரண்டு பிள்ளைகளுக்கும் உயில் எழுதிப் பதிவு செய்த பிறகுதான் கல்யாணத் தேதியே குறிக்க விட்டார். அந்தப் பக்கமும் அவர் தன் வீட்டைப் பிள்ளைகள் பேருக்கு எழுதினார். வயதானவர்கள் மணம் செய்வதாக இருந்தால் இதை முதலிலேயே வெளிப்படையாகச் செய்துவிடுவது நல்லது. எங்கள் வீட்டில் பாதிச் சண்டை அதோடு அடங்கியது.

"பென்ஷனுக்காகக் கட்டிக்கிட்டா" என்று பேசுகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். விதவை உதவித்தொகை 2011இல் 1000 ரூபாய் ஆனது, 2023இல் 1200 ஆனது. மறுமணம் செய்தால் அது நின்றுவிடும். கல்யாணம் முடிந்த மறுவாரம் அம்மாச்சி என்னைக் கூட்டிக்கொண்டு தாலுகா ஆபீசுக்குப் போய், இனி எனக்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார். ஓய்வு பெற்ற பிறகு மணம் செய்த மனைவிக்கும் குடும்ப ஓய்வூதியம் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1989இலேயே தீர்ப்பளித்திருக்கிறது. வாடிப்பட்டித் தாத்தாவுக்குப் பின் அம்மாச்சிக்கு அது வரும். வரட்டும். கட்டிய மனைவிக்கு வருவதில் யாருக்கு என்ன நஷ்டம்? இதற்காகவே கல்யாணத்தை முறையாகப் பதிவு செய்யச் சொல்லி நான் நின்றேன். தமிழ்நாட்டில் 2009 சட்டப்படி எல்லாக் கல்யாணத்தையும் 90 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். இருவருடைய முதல் துணையின் இறப்புச் சான்றிதழையும் தேடி எடுக்கத்தான் அலைச்சல் ஆனது. பதிவேட்டில் அம்மாச்சி நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். சொல்லிக் கொடுத்தவர் பக்கத்தில் நின்று ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மா மனசு மாறிய விதத்தைச் சொல்ல வேண்டும். சித்திரையில் மீனாட்சி கல்யாணத்துக்குத் திருப்பரங்குன்றத்து முருகன் தெய்வானையோடு மதுரைக்கு வருவார். தாயும் தகப்பனும் மணமேடையில் இருக்க, பிள்ளை தன் பெண்டாட்டியோடு வந்து பார்க்கிற கல்யாணம் அது. வருடா வருடம் அதைக் கும்பிடுகிற ஊர் நம்முடையது. பக்கத்து வீட்டு ஆச்சி அம்மாவிடம் இதைத்தான் சொன்னார். "முருகனே போறாரு, ஒனக்கென்னடி?" அம்மா அன்றைக்கே பரங்குன்றத்தில் வைக்கலாம் என்று சொல்லிவிட்டார்.

முகூர்த்த நாள் என்பதால் கோயிலில் இளம் ஜோடிகள் நிறைய. வரிசையில் நின்ற ஒரு கல்யாணப் பெண் அம்மாச்சியின் காலில் விழுந்து கும்பிட்டாள். மூன்றாவது முடிச்சை மாப்பிள்ளையின் தங்கை போட்டார். அந்த நாத்தனாருக்கே வயது 62. வாடிப்பட்டித் தாத்தாவின் பிள்ளைகள் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். என் மாமா மட்டும் வரவில்லை. அம்மா எல்லாவற்றையும் முன்னால் நின்று செய்தார். புதுத் தாத்தாவை எப்படிக் கூப்பிடுவது என்று தவித்துக்கொண்டிருந்தவருக்கு, பந்தியில் பரிமாறும்போது "ஐயா, இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்தவா?" என்று வந்துவிட்டது. எங்கள் பக்கம் தகப்பனையும் ஐயா என்றுதான் கூப்பிடுவோம். அம்மாச்சி மட்டும் இன்னும் 'சார்' என்றே கூப்பிடுகிறார்.

சித்திரைத் திருக்கல்யாணத்தன்று மீனாட்சிக்கு மங்கலநாண் பூட்டுகிற நேரத்தில் சுமங்கலிகள் தங்கள் தாலிக் கயிற்றை மாற்றிக்கொள்வார்கள். கோயிலுக்குப் போக முடியாதவர்கள் டிவியில் பார்த்துக்கொண்டே மாற்றுவார்கள். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அந்த நேரத்தில் அம்மாச்சி எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவார். உலையில் ஏதாவது வேலை இருப்பதுபோல அங்கேயே நிற்பார். நாங்கள் யாரும் கூப்பிட்டதில்லை.

இந்தச் சித்திரையில் அம்மாவும் அம்மாச்சியும் டிவிக்கு முன்னால் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். தட்டில் மஞ்சள் தடவிய கயிறு இரண்டு இருந்தது. வாடிப்பட்டித் தாத்தா எழுந்து போய் டிவி சத்தத்தைக் கூட்டி வைத்தார். கெட்டிமேளம் வந்தபோது அம்மாச்சிக்குக் கை நடுங்கியது. அம்மா தன் கயிற்றைத் தட்டிலேயே வைத்துவிட்டு, முதலில் அம்மாச்சிக்கு முடிச்சுப் போட்டுவிட்டார்.