2027 குடியரசுத் தலைவர் தேர்தல்: ஒரு மதுரைக்காரனின் கணக்கு

திரௌபதி முர்முவின் பதவிக்காலம் 2027 ஜூலையில் முடிகிறது. அதற்குள் எங்கள் பக்கம் ஆளாளுக்கு ஒரு பெயரைப் பிடித்துக்கொண்டு மல்லுக்கு நிற்கிறார்கள். சிம்மக்கல் டீக்கடை அண்ணனுக்கு சி.பி.ராதாகிருஷ்ணன்தான், வேறு பேச்சே கிடையாது. எங்கள் சித்தப்பாவுக்கோ நிர்மலா சீதாராமன். காரணம் கேட்டால், "மதுரையில பொறந்த பொண்ணுப்பா, நம்ம ஊருக்கு இதவிட என்ன வேணும்" என்கிறார். பிறந்தது மதுரைதான், 1959இல். ஆனால் மாநிலங்களவைக்குப் போனது ஆந்திராவிலிருந்தும் கர்நாடகாவிலிருந்தும்தான் என்று சொன்னால் சித்தப்பா அடுத்த இரண்டு நாள் குட்மார்னிங் மெசேஜ் கூட அனுப்ப மாட்டார்.

முதலில் சி.பி.ஆர். கணக்கைப் பார்ப்போம். துணைக் குடியரசுத் தலைவராக இருக்கிறவர் அடுத்து மேலே போவார் என்பதுதான் அண்ணனின் வாதம். ஒரு காலத்தில் அப்படித்தான் நடந்தது. சர்வபள்ளி ராதாகிருஷ்ணன், ஜாகிர் உசேன், வி.வி.கிரி, நம்ம ஆர்.வெங்கட்ராமன், சங்கர் தயாள் சர்மா, கே.ஆர்.நாராயணன் என்று ஆறு பேர். கடைசி மூவரும் 1987, 1992, 1997 என்று வரிசையாக ஏறினார்கள். அதோடு அந்தப் படிக்கட்டு இடிந்துவிட்டது. கிருஷ்ண காந்துக்குக் கிடைக்கவில்லை. பைரோன் சிங் ஷெகாவத் 2007இல் நின்று பிரதீபா பாட்டீலிடம் தோற்றார். ஹமீத் அன்சாரி பத்து வருடம் துணையாகவே இருந்து வீட்டுக்குப் போனார். வெங்கையா நாயுடுவின் பெயர் 2022இல் எல்லா சேனலிலும் ஓடியது, பெயர் ஓடியதோடு சரி. ஜெகதீப் தன்கர் பாதியிலேயே ராஜினாமா செய்துவிட்டார். இதையெல்லாம் வைத்து சி.பி.ஆருக்கு வாய்ப்பே இல்லை என்று சொல்ல வரவில்லை, அவர் உட்கார்ந்திருக்கிற நாற்காலியைக் காட்டி மட்டும் சத்தியம் செய்யாதீர்கள் என்கிறேன்.

அப்புறம் இந்த டிவி பட்டியல்கள். 2017இல் அத்வானி, சுஷ்மா சுவராஜ் என்று மாதக்கணக்கில் பேசிக்கொண்டிருந்தார்கள். ஜூன் மூன்றாவது வாரத்தில் பீகார் ஆளுநர் ராம்நாத் கோவிந்த் என்று அறிவித்தபோது பாதி நிருபர்கள் அவர் யார் என்று தேட ஓடினார்கள். வேடிக்கை என்னவென்றால், அந்த 2017 பட்டியலிலேயே முர்முவின் பெயரும் இருந்தது. அன்றைக்கு நடக்கவில்லை, ஐந்து வருடம் கழித்து நடந்தது. பாட்டீல் ராஜஸ்தான் ஆளுநர், கோவிந்த் பீகார் ஆளுநர், முர்மு ஜார்கண்டின் முன்னாள் ஆளுநர். அதனால் 2027க்குப் பெயர் தேடுகிறவர்கள் மத்திய அமைச்சரவைப் பக்கம் பார்ப்பதை விட ஆளுநர் மாளிகைகள் பக்கம் பார்ப்பது புத்திசாலித்தனம். கர்நாடக ஆளுநராக இருந்த தாவர்சந்த் கெலாட் மாதிரி, பீகாருக்குப் போன ஆரிஃப் முகமது கான் மாதிரி ஆட்கள். முர்முவுக்கே இரண்டாவது முறை என்கிறவர்களும் உண்டு. ராஜேந்திர பிரசாத்துக்குப் பிறகு யாருக்கும் அது கிடைத்ததில்லை.

எதிர்க்கட்சிகள் பக்கம் என்னைக் கேட்காதீர்கள். 2022இல் சரத் பவார் மறுத்து, ஃபரூக் அப்துல்லா மறுத்து, கோபாலகிருஷ்ண காந்தி மறுத்து, கடைசியில் யஷ்வந்த் சின்ஹா வந்து நின்றார். தோற்கிற தேர்தலுக்கு ஆள் பிடிப்பது அவ்வளவு சுலபமில்லை.

ஆனாலும் தெற்கிலிருந்து ஒருவர் வர இந்த முறை வாய்ப்பு அதிகம் என்றுதான் நானும் நினைக்கிறேன். 2007இல் நம்ம ராமேஸ்வரத்துக்காரர் கலாம் இறங்கிய பிறகு மகாராஷ்டிரா, வங்காளம், உத்தரப் பிரதேசம், ஒடிசா என்று போய்விட்டது. 2027 வந்தால் இருபது வருடம். இன்னொரு பக்கம் மக்கள்தொகைப்படி தொகுதி மறுவரையறை என்று தெற்கே எல்லாருக்கும் வயிற்றைக் கலக்குகிறது. அந்த நேரத்தில் "உங்கள் ஊர்க்காரரை ராஷ்டிரபதி ஆக்கினோமே" என்று சொல்வது டெல்லிக்குச் செலவில்லாத சமாதானம். எனக்குக் கடுப்பு வருவது இங்கேதான்.

ஏனென்றால் இந்தத் தேர்தலில் எம்பிக்களும் எம்எல்ஏக்களும்தான் ஓட்டுப் போடுகிறார்கள், நம் எம்எல்ஏக்களின் வாக்கின் எடையும் அதே மக்கள்தொகைக் கணக்கில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது, அதைப் பற்றி ஒருத்தரும் பேசுவதில்லை. ஒரு எம்எல்ஏ வாக்கின் மதிப்பு எப்படி வருகிறது? மாநில மக்கள்தொகையை எம்எல்ஏக்களின் எண்ணிக்கையால் வகுத்து, பிறகு ஆயிரத்தால் வகுக்க வேண்டும். எந்த வருட மக்கள்தொகை? 1971. அப்போது நாம் 4.12 கோடி, 234 பேருக்கு வகுத்தால் தலைக்கு 176. மதுரை மாவட்டத்தின் பத்துத் தொகுதிக்கும் சேர்த்து 1,760. தமிழ்நாட்டுக்கு மொத்தம் 41,184. உ.பி. எம்எல்ஏ ஒருவருக்கு 208, அதுதான் நாட்டிலேயே அதிகம். 176க்கு 208, பரவாயில்லை, பக்கத்தில் தான் இருக்கிறோம்.

இதே சூத்திரத்தில் 1971ஐ எடுத்துவிட்டு 2011 கணக்கைப் போட்டுப் பாருங்கள். நமக்கு 308 வரும், உ.பி.க்கு 496, இடைவெளி எங்கேயோ போய்விடுகிறது. குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்காகச் செய்ததற்கு நமக்குக் கிடைக்கிற பரிசு இது. 2026க்குப் பிறகு எடுக்கிற முதல் கணக்கெடுப்பின் எண்கள் வெளியாகும் வரைதான் 1971க்கு ஆயுள் என்று அரசியல் சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தக் கணக்கெடுப்புக்கும் 2027 என்று தேதி குறித்தாகிவிட்டது. நாம் எந்தத் தமிழர் என்று அடித்துக்கொள்கிறோம், அதற்கடுத்த தேர்தலில் நம் ஓட்டு எவ்வளவு சுருங்கும் என்று யாருக்கும் கவலை இல்லை.

"யார் வந்தா என்ன, ரப்பர் ஸ்டாம்பு தானே" என்கிறவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. அமைச்சரவை சொன்னபடிதான் நடக்க வேண்டும் என்பது சரி. ஆனால் ஒரு முறை திருப்பி அனுப்பலாம். நாராயணன் அதைச் செய்தார். 1997இல் உ.பி.யில் கல்யாண் சிங் அரசைக் கலைக்கச் சொன்ன குஜ்ரால் அமைச்சரவைக்கும் திருப்பி அனுப்பினார், 1998இல் பீகாரில் ராப்ரி தேவி அரசைக் கலைக்கச் சொன்ன வாஜ்பாய் அமைச்சரவைக்கும் திருப்பி அனுப்பினார். இரண்டு தரப்பும் பின்வாங்கியது. கலாம் மீது எனக்கு எவ்வளவு மரியாதை இருந்தாலும், 2005இல் மாஸ்கோவில் இருந்தபடியே பீகார் சட்டமன்றக் கலைப்புக்குக் கையெழுத்துப் போட்டதும் அவர்தான், அது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் பிறகு சொன்னது. அடுத்த வருடம் ஆதாயப் பதவி மசோதாவைத் திருப்பி அனுப்பியதும் அவரேதான். நம் நீட் விலக்கு மசோதா குடியரசுத் தலைவருக்குப் போய், கிடந்து, கடைசியில் ஒப்புதல் மறுக்கப்பட்டது என்று 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவித்தார்களே, அந்தப் பேனா யார் கையில் இருக்கிறது என்பது நம் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சம்பந்தமில்லாத விஷயமா?

இந்தத் தேர்தலில் கொறடா உத்தரவு செல்லாது, ரகசிய வாக்கு. 1969இல் காமராஜர் உள்ளிட்ட பெரும் தலைகள் நிறுத்திய சஞ்சீவ ரெட்டி, காங்கிரசின் அதிகாரபூர்வ வேட்பாளராக இருந்தும், இந்திரா "மனசாட்சிப்படி ஓட்டுப் போடுங்கள்" என்றதில் தோற்றுப் போனார். இரண்டாம் விருப்ப வாக்கு வரை எண்ணித்தான் இந்திரா ஆதரித்த கிரி ஜெயித்தார். அந்த மாதிரி கூத்து 2027இல் நடக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. 2022இல் வாக்கு மதிப்பில் முர்முவுக்கு 6,76,803, சின்ஹாவுக்கு 3,80,177. இடைவெளி அவ்வளவு. 2027 தொடக்கத்தில் வருகிற உ.பி. தேர்தல் முடிவைப் பொறுத்து அது குறையலாம், அங்கே மட்டும் 83,824 இருக்கிறது.

சரி, என் பந்தயம்: தெற்கிலிருந்து, இப்போது நம் டீக்கடையில் யாரும் சொல்லாத ஒரு முன்னாள் ஆளுநர். சி.பி.ஆர். வந்தால் சிம்மக்கல் அண்ணனுக்கு ஒரு மாசத்து டீ பாக்கியை ஒரே தவணையில் கொடுத்துவிடுகிறேன். சித்தப்பாவோடு பந்தயம் கட்டுவதாக இல்லை. கமெண்டில் பெயர் போடுகிறவர்கள் அவருக்கு எந்த மாநிலத்திலிருந்து எத்தனை வாக்கு வரும் என்றும் சேர்த்துப் போடுங்கள், வெறும் பெயரை நானும் எத்தனை வேண்டுமானாலும் எழுதுவேன்.