தண்ணீர் பாட்டில் கட்டாயம் என்பது பாதி விதிதான்

பள்ளி திறக்கும்போது பெற்றோருக்கு வரும் சுற்றறிக்கையில் "மாணவர்கள் கட்டாயம் தண்ணீர் பாட்டில் கொண்டுவர வேண்டும்" என்று ஒரு வரி இருக்கும். பல பள்ளிகளில் அதே தாளில் கொஞ்சம் கீழே "பாடவேளையில் தண்ணீர் குடிக்கவோ வெளியே செல்லவோ அனுமதி இல்லை" என்றும் இருக்கும். இரண்டையும் சேர்த்துப் படித்தால், பிள்ளை தண்ணீரைச் சுமந்து வர வேண்டும், ஆனால் நாளின் பெரும்பகுதி அதைத் தொடக்கூடாது என்றாகிறது. இதை நான் ஒரு முழு விதியாகவே எடுத்துக்கொள்ள மாட்டேன். எங்கே நிரப்புவது, எப்போது குடிப்பது, எப்போது கழிவறைக்குப் போவது என்ற மூன்றுக்கும் பதில் சொன்னால்தான் அது விதி.

முதலில் எவ்வளவு தண்ணீர் தேவை என்று பார்ப்போம். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2010-இல் சொன்ன அளவு: 4 முதல் 8 வயது வரை ஒரு நாளைக்கு மொத்தம் 1.6 லிட்டர்; 9 முதல் 13 வயதில் பையன்களுக்கு 2.1, பெண்பிள்ளைகளுக்கு 1.9 லிட்டர். இதில் ஏறக்குறைய கால்பங்கு சாப்பாட்டிலிருந்தே வந்துவிடும். மீதியில் பாதியைப் பள்ளி நேரத்தில் குடிக்கிறார்கள் என்று வைத்தால், சின்னப் பிள்ளைக்கு 600 மி.லி., நடுநிலை வகுப்புப் பிள்ளைக்கு 700 முதல் 800 மி.லி. வரும். வெயில் நாளிலும் விளையாட்டு வகுப்பு உள்ள நாளிலும் இன்னும் கூடும்.

அப்படியென்றால் ஒரு லிட்டர் பாட்டிலே கொண்டுவரச் சொல்லிவிடலாமே என்று தோன்றும். வேண்டாம். புத்தகப் பையின் எடை உடல் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்பது பரவலாகச் சொல்லப்படும் வரம்பு. 25 கிலோ உள்ள பிள்ளைக்கு 2.5 கிலோ. ஒரு லிட்டர் தண்ணீரும் ஸ்டீல் பாட்டிலின் எடையும் சேர்ந்தால் 1.3 கிலோ, அந்த வரம்பில் பாதிக்கு மேல் பாட்டிலே தின்றுவிடும். தொடக்க வகுப்புகளுக்கு 500 மி.லி. பாட்டில், பள்ளியில் ஒருமுறையாவது மறுபடி நிரப்பும் வசதி, இதுதான் சரியான கணக்கு.

நிரப்பும் வசதி என்று காகிதத்தில் எழுதுவது எளிது. குழாயடியில் நின்று கணக்குப் போட்டுப் பாருங்கள். நிமிடத்துக்கு 3 லிட்டர் ஊற்றும் குழாயில் அரை லிட்டர் பாட்டில் நிரம்ப 10 விநாடி ஆகும். மூடியைத் திறந்து, பாட்டிலைப் பிடித்து, மூடி, நகர இன்னொரு 10 விநாடி. ஆக ஒரு பிள்ளைக்கு 20 விநாடி, 10 நிமிட இடைவேளையில் ஒரு குழாயில் 30 பிள்ளைகள். 300 பேர் ஒரே இடைவேளையில் நிரப்ப வேண்டுமென்றால் 10 குழாய் வேண்டும். நான்கு குழாய்தான் இருக்கிறது என்றால் 120 பேர் நிரப்புவார்கள்; மீதி 180 பேர் மணி அடித்ததும் காலி பாட்டிலோடு வகுப்புக்குத் திரும்புவார்கள். அதிலும் பின்தங்குவது சின்ன வகுப்புப் பிள்ளைகள்தான், பெரியவர்கள் முந்திக்கொள்வார்கள்.

குழாயின் வேகத்தை அளக்கும்போது ஒரு தவறு சாதாரணமாக நடக்கிறது. ஒரே ஒரு குழாயைத் திறந்து பார்த்துவிட்டு நன்றாக வருகிறது என்று சொல்லிவிடுகிறார்கள். எல்லாக் குழாய்களும் தொட்டியிலிருந்து வரும் ஒரே மெல்லிய பைப்பில் இருந்தால், அத்தனையும் திறக்கும்போது கடைசிக் குழாயில் நூல்போலத்தான் வரும். அதனால் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டு, கடைசிக் குழாயில் அரை லிட்டர் பாட்டில் நிரம்ப எத்தனை விநாடி ஆகிறது என்று பாருங்கள். இன்னொன்று உயரம். பாட்டில் நிமிர்ந்து நிற்க, குழாய்க்கும் அடித்தொட்டிக்கும் நடுவே 30 செ.மீ. இடமாவது வேண்டும். வாய் வைத்துக் குடிக்க மேல்நோக்கிப் பீச்சும் குழாயில் பாட்டிலைச் சாய்த்துத்தான் பிடிக்க முடியும், பாதிக்கு மேல் நிரம்பாது.

குழாய்கள் போதாவிட்டால் வகுப்புக்கு ஒரு கேன் வைக்கலாம். 40 பேருக்கு அரை லிட்டர் என்றால் சரியாக 20 லிட்டர். அடியில் குழாய் உள்ள, மூடி போட்ட கேனாக இருக்க வேண்டும். மேலிருந்து டம்ளரை முக்கி எடுக்கும் பாத்திரம் கூடவே கூடாது, ஒரு கை பட்டால் மொத்தத் தண்ணீரும் கெட்டது. கார்பன் வடிகட்டி வழியாக வரும் தண்ணீரில் குளோரின் போயிருக்கும், பிடித்து வைத்த பிறகு அதற்குப் பாதுகாப்பு எதுவும் இல்லை. ஆகவே அன்றன்று பிடித்து, மாலையில் மிச்சத்தைக் கொட்டி, கேனைக் கழுவிக் கவிழ்க்க வேண்டும். விடுமுறை முடிந்து திறக்கும் நாளில் எல்லாக் குழாய்களையும் ஓரிரு நிமிடம் ஓடவிட்ட பிறகுதான் பிடிக்க வேண்டும்; பைப்பில் தேங்கிய தண்ணீரில் உலோகம் கரைந்திருக்கலாம். இதைச் செய்யும் பொறுப்பு யாருடையது என்று பெயரோடு எழுதி வைக்காவிட்டால் ஒரு மாதத்தில் மறந்துவிடுவார்கள்.

வகுப்பில் குடிக்கவிட்டால் அடிக்கடி வெளியே போகக் கேட்பார்கள் என்று ஆசிரியர்கள் சொல்கிறார்கள். அவர்கள் கவலையில் நியாயம் இருக்கிறது, ஆனால் தடை போடுவது எதிர்விளைவைத்தான் தரும். பிள்ளையின் சிறுநீர்ப்பை கொள்ளளவைக் கணிக்க மருத்துவர்கள் பயன்படுத்தும் கணக்கு, வயதோடு ஒன்றைக் கூட்டி 30-ஆல் பெருக்குவது. ஏழு வயதுக்கு 240 மி.லி. காலை முழுக்கக் குடிக்காமல் இருந்த பிள்ளை மதிய இடைவேளையில் அரை லிட்டரை மடக்மடக்கென்று குடித்தால், அடுத்த பீரியடிலேயே நெளியத்தான் செய்யும். ஒவ்வொரு பீரியடிலும் நாலைந்து வாய் குடித்தால் அது நாள் முழுக்கப் பரவும், இடைவேளைக்குள் அடங்கும்.

கழிவறை சரியில்லாத பள்ளியில் இந்தக் கணக்கெல்லாம் செல்லாது. தாழ்ப்பாள் இல்லை, தண்ணீர் வரவில்லை, நாற்றம் தாங்கவில்லை என்றால் பிள்ளைகள், குறிப்பாகப் பெண்பிள்ளைகள், தண்ணீர் குடிப்பதையே நிறுத்திக்கொள்வார்கள். சிறுநீர்த் தொற்றும் மலச்சிக்கலும் வருவது இப்படித்தான். உலக சுகாதார நிறுவனம் பள்ளிகளுக்காக 2009-இல் வெளியிட்ட தர அளவுகளில் 25 மாணவிகளுக்கு ஒரு கழிவறை, 50 மாணவர்களுக்கு ஒரு கழிவறையும் ஒரு சிறுநீர்த் தொட்டியும் என்று இருக்கிறது. மாலையில் பாட்டில் முக்கால்வாசி நிறைந்தபடியே வீட்டுக்கு வந்தால், பிள்ளையைத் திட்டுவதற்கு முன் பள்ளிக் கழிவறை எப்படி இருக்கிறது என்று கேளுங்கள்.

எந்தப் பாட்டில் என்பதில் நான் பிடிவாதம் பிடிக்க மாட்டேன். ஸ்டீல் என்றால் 304 தரம்; பிளாஸ்டிக் என்றால் அடியில் முக்கோணத்துக்குள் 5 என்று போட்ட பாலிபுரொப்பிலீன் போதும். கடையில் தண்ணீரோடு வாங்கும், 1 என்று போட்ட பாட்டிலை மாதக்கணக்கில் பயன்படுத்துவதுதான் தப்பு. வாய் குறுகல், பிரஷ் நுழையாது, வெந்நீர் ஊற்றினால் சுருங்கிவிடும். கண்ணாடி பாட்டிலுக்குப் பள்ளிகள் போடும் தடை சரியானதே.

எனக்கு இதைவிடப் பெரிய கவலை மூடி. பாட்டிலைப் பளபளவென்று கழுவிவிட்டு மூடியை மேலோட்டமாக அலசுகிற வீடுகள்தான் அதிகம். மூடியின் உள்பக்கம் வளையமாக ஒரு ரப்பர் வாஷர் இருக்கும். ஒரு மழுங்கிய முனையால் அதை நெம்பி எடுத்துப் பாருங்கள்: அடியில் வழவழப்பாக ஒரு படலம், சில இடங்களில் கரும்புள்ளிகளாகப் பூஞ்சை. ஸ்ட்ரா வைத்த பாட்டில்களில் உறிஞ்சும் வாய்க்குள்ளும் இதே கதைதான், அதனால் சின்ன வகுப்புகளுக்கு ஸ்ட்ரா இல்லாத மூடியையே நான் சொல்வேன். தினமும் மாலையில் மிச்சத் தண்ணீரைக் கொட்டி, சோப்பும் பிரஷும் போட்டுக் கழுவி, மூடாமல் கவிழ்த்துக் காயவிட வேண்டும். வாரம் ஒருமுறை வாஷரைக் கழற்றி, சோப்புத் தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, பழைய டூத்பிரஷால் தேய்த்து, உலர்ந்த பிறகு மாட்ட வேண்டும். தலைகீழாகவோ முறுக்கியோ மாட்டினால் ஒழுகும்; நோட்டு நனைந்துவிட்டது என்று பாட்டிலையே தூக்கிப்போடுகிறவர்கள் இதைத்தான் கவனிப்பதில்லை. மாட்டியதும் தண்ணீர் நிரப்பி ஒரு நிமிடம் கவிழ்த்துப் பிடித்தால் தெரிந்துவிடும். கரும்புள்ளி தேய்த்தும் போகாவிட்டால் வாஷரை மாற்றுங்கள். பழச்சாறு ஊற்றி மூடிய பாட்டிலை வாரக்கடைசி முழுக்கப் பைக்குள் விட்டுவிடக் கூடாது. உள்ளே புளித்து வாயு சேர்ந்து, திறக்கும்போது மூடி முகத்தில் தெறிக்கும். 'தண்ணீர் மட்டும்' என்ற விதிக்கு இதுவும் ஒரு காரணம்.

பெயரை அடிப்பாகத்திலும் மூடியிலும் தனித்தனியாக எழுதுங்கள், மூடிகள்தான் முதலில் மாறிப்போகும். அடுத்தவர் பாட்டிலில் வாய் வைக்கக் கூடாது என்பது கண்டிப்பான விதியாகவே இருக்கட்டும். பொன்னுக்குவீங்கியும் தொண்டைத் தொற்றும் எச்சிலில் பரவும். பாட்டில் மேசைமேல் வேண்டாம், காலடியில் சுவரோரம் இருக்கட்டும், அல்லது கதவருகே ஒரு தட்டில். ஸ்டீல் பாட்டில் விழும் சத்தத்தில் பாதிப் பாடம் கெடுகிறது என்ற புகாரும் அதோடு குறையும். ஆய்வகத்திலும் கணினி அறையிலும் மட்டும் முழுத் தடை.

சில பிள்ளைகளுக்கு இந்த வரையறைகள் எதுவும் பொருந்தாது. முதல் வகைச் சர்க்கரை நோய், சிறுநீரகக் கல், அடிக்கடி சிறுநீர்த் தொற்று, சிக்கில் செல் இரத்தசோகை உள்ளவர்கள் எந்த நேரத்திலும் குடிக்கவும் வெளியே போகவும் அனுமதி வேண்டும், வகுப்பு நடுவே காரணம் கேட்கக் கூடாது. வகுப்பாசிரியருக்குத் தெரிந்தால் மட்டும் போதாது. அவர் விடுப்பில் போகும் நாளில் வரும் ஆசிரியர்தான் "உட்கார்" என்று சொல்லிவிடுவார். அந்தப் பிள்ளையின் பெயருக்கு எதிரே வருகைப் பதிவேட்டிலேயே ஒரு குறி இருக்க வேண்டும், அந்தக் குறிக்கு என்ன பொருள் என்று எல்லா ஆசிரியர்களுக்கும் ஆண்டின் முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும்.