பட்டாசு எமோஜி அனுப்பிய அண்ணன்மாருக்கு

சனிக்கிழமை வாக்கு முடிவு வந்ததிலிருந்து நம் வாட்ஸ்அப் குழுவில் நடக்கும் கொண்டாட்டத்தைப் பார்த்தபின் எழுதாமல் இருக்க முடியவில்லை. டெக்சஸில் உள்ள நம் பள்ளி மாவட்டம் (ஊர்ப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு), புதிய பள்ளிகள் கட்ட, சொத்து வரியிலிருந்து அடைக்கும் கடன்பத்திரம் வெளியிட வாக்காளர்களிடம் கேட்ட அனுமதி தோற்றதற்குப் பட்டாசு எமோஜி அனுப்பிய அத்தனை பேரும் இந்த ஊரில் வீடு வாங்கியது பள்ளிக்கூடத்தைப் பார்த்துத்தான். அந்தப் பள்ளியைக் கட்டிய கடனுக்கு அதுவரை வட்டி செலுத்தியவர்கள் நமக்கு முன்பே இங்கிருந்தவர்கள்.

‘இது சொத்து வரி உயர்வு’ என்று வாக்குச்சீட்டிலேயே இருந்ததே என்கிறீர்கள். 2019இல் டெக்சஸ் சட்டமன்றம் இயற்றிய சட்டப்படி, வரி விகிதம் ஒரு சென்ட் ஏறாவிட்டாலும் அந்த வாசகத்தை அச்சிட்டே ஆகவேண்டும். மக்கள் ஒப்புக்கொண்ட பிறகும் மாநில அட்டர்னி ஜெனரல் (அரசின் தலைமை வழக்கறிஞர்) ஒப்புதல் தராமல் ஒரு பத்திரத்தையும் வெளியிட முடியாது என்பதும், 100 டாலர் சொத்து மதிப்புக்கு 50 சென்ட்டுக்கு மிகாத வரியில் கடனை அடைக்க முடியும் என்று பள்ளி மாவட்டம் முன்கூட்டியே காட்டவேண்டும் என்பதும் வாக்குச்சீட்டில் இல்லாததால் உங்கள் கண்ணில் படவில்லை போலும்.

அந்தப் பணத்தில் ஆசிரியர் சம்பளத்தை உயர்த்தலாமே என்றார் ஒருவர். முடியாது; சட்டம் அனுமதிப்பதில்லை. கலிபோர்னியாவின் போவே பள்ளி மாவட்டம் 2011இல் சுமார் 105 மில்லியன் டாலர் கடன் வாங்கி, ஏறக்குறைய 1 பில்லியன் திருப்பிக் கட்டவேண்டிய நிலைக்கு வந்த கதையை ஒரு தம்பி மூன்று முறை அனுப்பிவிட்டார். அது அநியாயம்தான். ஆனால் அது இருபது ஆண்டுகள் தவணையே கட்டாமல் வட்டியைக் குட்டிபோட விட்ட கடன். இங்கே கேட்டது அதுவல்ல.

என் மகள் இரண்டு ஆண்டுகள் போர்ட்டபிள் வகுப்பறையில், அதாவது பள்ளி வளாகத்தில் தனியே வைத்த தற்காலிக அறையில், படித்தாள். புயல் எச்சரிக்கை வந்தால் பிள்ளைகள் வரிசையாக மழையில் நனைந்தபடி முதன்மைக் கட்டடத்துக்கு ஓடுவார்கள். அப்போது நான் எச்1பி என்ற தற்காலிக வேலை விசாவில் இருந்தேன், வாக்குரிமை கிடையாது. பேரப்பிள்ளைகள்கூட இந்த ஊரில் இல்லாத பக்கத்து வீட்டுப் பெரியவர், “உன் மகளுக்கும் சேர்த்து ஆம் என்று போட்டுவிட்டு வருகிறேன்” என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த வாக்கில் எழுந்த கட்டடத்தில்தான் உங்கள் பிள்ளைகளும் படித்தார்கள், அண்ணன்மாரே. குடியுரிமை பெற்று, கைநிறைய இனிப்பு கொடுத்து, நாம் போட்ட முதல் வாக்குகளில் ஒன்று ‘வேண்டாம்’!

ஓய்வுபெற்றோர் என்ன செய்வார்கள் என்று உருகாதீர்கள். 65 வயது நிறைந்தவர்கள் குடியிருக்கும் வீட்டின் பள்ளி வரிக்கு இங்கே உச்சவரம்பு உண்டு. உருகுபவர்களுக்கு இன்னும் ஐம்பதுகூட ஆகவில்லை என்பது வேறு விஷயம்.

நேற்று அதே குழுவில், ஞாயிறு தமிழ் வகுப்புகளுக்கு பள்ளி மாவட்டத்தின் கட்டட வாடகையைக் குறைக்கச் சொல்லி ஒரு மனு சுற்றுக்கு வந்தது. முதல் கையெழுத்து, பட்டாசு அனுப்பிய அண்ணனுடையது. நான் இன்னும் கையெழுத்திடவில்லை.