அய்யூப் நபி வாயே திறக்கவில்லையா?

காக்கா (அண்ணா), கடும் நோயால் சோதிக்கப்பட்ட இறைத்தூதரைப் பற்றி, “அய்யூப் நபி வலிக்குது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை, உடம்பிலிருந்து விழுந்த புழுவைக்கூட எடுத்துத் திரும்ப வைத்தார், அதுதான் சபுர் (பொறுமை)” என்று எழுதியிருக்கிறீர்கள். புழுக் கதை குர்ஆனில் இல்லை. பயானில் (மார்க்கச் சொற்பொழிவில்) கேட்டுக் கேட்டு நமக்குப் பழகிப்போனது, அவ்வளவுதான்.

வாய் திறக்கவில்லை என்பதும் சரியில்லை. குர்ஆன் 21:83இல் (21ஆம் அத்தியாயம், 83ஆம் வசனம்), “என்னைத் துன்பம் தீண்டிவிட்டது, நீ கருணையாளர்களுக்கெல்லாம் பெரிய கருணையாளன்” என்று இறைவனை அழைக்கிறார். 38:41இலும் முறையிடுகிறார்; மூன்றே வசனம் தள்ளி, 38:44இல் அல்லாஹ் அவரைப் பொறுமையாளர் என்று புகழ்கிறான். முறையிட்டது சபுரைக் கெடுக்கவில்லையே! இடையில் அல்லாஹ் அவருக்குச் சொல்வதையும் பாருங்கள்: காலால் தரையில் உதை, இதோ குளிக்கவும் குடிக்கவும் குளிர்ந்த தண்ணீர். யஃகூப் நபியும் அப்படித்தான். மகன் யூசுபைப் பிரிந்த கவலையில் கண் வெளுத்துப்போனது. அதை அல்லாஹ்விடமே முறையிடுகிறேன் என்றார்.

இதைச் சும்மா விட எனக்கு மனம் வரவில்லை. சாய்ந்தமருதில் எங்கள் மூத்தம்மா (பாட்டி), சீனி வருத்தக்காரி (நீரிழிவு நோயாளி), கால் விரல் புண்ணைச் சீலைத்துண்டால் சுற்றி மூன்று வாரம் மறைத்து வைத்திருந்தார். கேட்டால், “அய்யூப் நபிக்கு வந்ததைவிடவா மனே?” என்பார். உம்மா துண்டை அவிழ்த்தபோது விரல் கறுத்திருந்தது.