மான் வாயிலிருந்த லன்ச் சீற்

அந்தப் படத்தை எடுத்தது நான் இல்லை. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். ஞாயிறு பின்னேரத்திலிருந்து எனக்கு வருகிற மெசேஜ்களில் பாதி, "ஏன் அக்கா அந்தப் படத்தைப் போட்டீங்கள்?" என்றுதான் இருக்கிறது. எடுத்தது வேறொருவர். நான் பகிர்ந்தேன். மேலே ஒரே ஒரு வரி எழுதினேன்: "சுற்றாடலுக்காக நடந்த நடைபவனியில் கொடுத்த சாப்பாட்டுப் பொதி இது." அதில் ஒரு சொல் பொய் என்றால் காட்டுங்கள், இப்போதே அழித்துவிடுகிறேன்.

படத்தைப் பார்க்காதவர்கள் இனி இருக்க மாட்டீர்கள். திருகோணமலைக் கோட்டை வாசலில் ஒரு புள்ளிமான். சோறு கட்டுகிற பொலித்தீன் தாள், அதுதான் லன்ச் சீற், பாதி வாய்க்குள்ளே, பாதி வெளியே தொங்குகிறது. பின்னால் எங்களுடைய பனரின் ஒரு மூலை. எங்களுடைய என்றுதான் எழுதுகிறேன், ஏனென்றால் நானும் நடந்தவள். ஆயிரம் ரூபாய் கட்டி ரீசேட் வாங்கி, தரம் ஆறு படிக்கும் மகளையும் கூட்டிக்கொண்டு, உப்புவெளியிலிருந்து கோட்டை வாசல் வரைக்கும் நடந்தேன். வழியில் கொடுத்த தண்ணீர்ப் போத்தலை நானும் கை நீட்டி வாங்கினேன். அந்தக் குற்றத்தில் எனக்கும் பங்கு இருக்கிறது.

நான் கேட்பது ஒன்றுதான். கடலுக்காகவும் கரையோரச் சேற்றில் வளர்கிற கண்டல் மரங்களுக்காகவும் நடக்கிற நாங்கள், அந்த ஒரு காலையிலாவது போத்தலும் லன்ச் சீற்றும் இல்லாமல் நடந்திருக்கலாம். நடக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. காசு சேர்க்கக் கூடாது என்றும் சொல்லவில்லை. சேர்த்த காசைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை, அது கண்டல் கன்றுகளுக்குத்தான் போகும் என்று நம்புகிறேன். குப்பை போடாமல் நடந்திருக்கலாம், அவ்வளவுதான். இதைச் சொன்னதற்குத்தான் மூன்று நாளாக ஏச்சு வாங்குகிறேன்.

"ஒரு மானைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நல்ல காரியத்தைக் கெடுக்காதே" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அந்த "ஒரு மான்" என்ற சொல் என்னைச் சுட்டுவிட்டது. சில வருடங்களுக்கு முன் எங்கள் ஒழுங்கை முடக்கில் ஒரு பெண் மான் செத்துக் கிடந்தது. மேலே காயம் ஒன்றும் இல்லை. வாகனம் அடித்திருக்கும் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். மிருக வைத்தியர் வந்து வயிற்றை வெட்டியபோது நான் மதில் ஓரத்தில் நின்று பார்த்தேன். பொலித்தீன் உருண்டு திரண்டு, உரித்த தேங்காய் அளவுக்கு வெளியே வந்தது. சொப்பிங் பை, லன்ச் சீற், தயிர்ச் சட்டி கட்டுகிற நூல், எல்லாம் ஒன்றாகப் பின்னிக் கிடந்தன. அந்த மணம் இன்னும் என் மூக்கை விட்டுப் போகவில்லை.

மான் அசைபோடுகிற பிராணி. பொலித்தீன் அதன் முதல் இரைப்பையில் தங்கிவிடும், கீழேயும் இறங்காது, மேலேயும் வராது. நாள் போகப்போகக் கட்டியாகிவிடும். வயிறு நிரம்பியது போல இருப்பதால் மான் புல்லைத் தேடாது. கோட்டைக்குள் இவ்வளவு புல் இருக்கும்போதே அது பட்டினியில் சாகும். பொலித்தீனில் அதற்கு ஒரு ஆசையும் இல்லை. அதில் ஒட்டியிருக்கிற சோறும் கறி உப்பும் மணக்கிறது, அதனால் நக்கி, கடித்து, விழுங்கிவிடுகிறது. கோட்டைக்குள் இருக்கிற கோணேசர் கோவிலுக்குப் போகிற எவருக்கும் இந்த மான்கள் புதிது இல்லை. வாழைப்பழத் தோலை நீட்டினால் கைக்கே வந்து வாங்கும். எங்களை நம்புகிற மான்கள் அவை. அந்த மான்கள் நிற்கிற வாசலில்தான் சாப்பாட்டுப் பொதி கொடுக்க வேண்டும் என்று யார் முடிவு செய்தது?

லன்ச் சீற்றுக்கு இந்த நாட்டில் 2017 செப்டெம்பரிலேயே தடை வந்துவிட்டது. 2023 ஒக்டோபரில் பிளாஸ்டிக் கரண்டிக்கும் உறிஞ்சிக்கும் வந்தது. கடைக்காரர் இன்னும் லன்ச் சீற்றில் கட்டித் தருகிறார் என்றால் அது ஒரு பிரச்சினை, சரி. ஆனால் சுற்றாடல் நடைபவனிக்கு ஓடர் கொடுக்கிறவர் "வாழை இலையில் கட்டித் தாருங்கோ" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை.

"கச்சான் காற்று அடிக்கிற வெயிலில், சின்னப் பிள்ளைகளும் வயதானவர்களும் நடக்கிறார்கள், தண்ணீர் கொடுக்காமல் விடுவதா?" என்று கேட்டவர்களுக்குக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். நாங்கள் நடந்தது நிலாவெளி வீதி. ஒவ்வொரு வருடமும் யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதி முருகன் கோவிலிலிருந்து கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போகிற அடியார்கள், முல்லைத்தீவு, புல்மோட்டை, குச்சவெளி கடந்து இதே வீதியால்தான் திருகோணமலைக்குள் வருகிறார்கள். யுத்தம் முடிந்த பிறகு அவர்கள் மறுபடியும் கூட்டம் கூட்டமாக வரத் தொடங்கியபோது, என் அம்மா வீட்டு வாசலில் ஒரு பெரிய அண்டா நிறைய மோர் கரைத்து வைப்பார். வெங்காயமும் பச்சை மிளகாயும் வெட்டிப் போட்டு, உப்புத் தூக்கலாக இருக்கும். ஐம்பது அறுபது எவர்சில்வர் பேணி. நான் கழுவுவேன், தம்பி துடைத்து அடுக்குவான். வருகிறவர் அண்ணாந்து குடித்துவிட்டு, பேணியைத் திரும்ப வைத்துவிட்டு, "அரோகரா" சொல்லிப் போவார். சாப்பாடு வாழை இலையில், இலை கிடைக்காவிட்டால் தாமரை இலையில். அவர்கள் போன பிறகு வாசலில் கூட்ட ஒன்றும் இருக்காது, இலையை மாடு தின்றுவிடும்.

அவர்கள் நடக்கிற தூரம் எவ்வளவு, நாங்கள் நடந்த தூரம் எவ்வளவு? குமண, யால காடு வரைக்கும் நடந்து போகிறவர்கள். நாங்கள் விடிய வெளிக்கிட்டு, வெயில் ஏற முன் முடித்துவிட்டோம். உப்புவெளியில் ஒரு தண்ணீர்த் தாங்கி, நடுவழியில் ஒன்று, சிவன் கோவிலடியில் ஒன்று வைத்திருந்தால் போதும். "வீட்டிலிருந்து ஒரு போத்தல் கொண்டு வாருங்கள்" என்று அறிவித்தலில் ஒரு வரி போட்டிருந்தால் அதுவும் வேண்டாம். தண்ணீர்ப்பந்தல் போட எங்களுக்கு எவரும் சொல்லித் தர வேண்டியதில்லை. எங்கள் ஊர்க்காரருக்கு அது பரம்பரையாகத் தெரிந்த வேலை. போத்தல் இலவசமாகக் கிடைத்தது, அனுசரணை செய்தவர்கள் தங்கள் பெயர் போட்டுக் கொடுத்தார்கள் என்கிறீர்கள். இலவசமாகக் கிடைத்தால் அது பிளாஸ்டிக் இல்லை என்று ஆகிவிடுமா?

அடுத்தது மகாவலி ஆறு. இதை ஒரு பெரிய மனிதர் எழுதியிருந்தார், மரியாதையாகவே எழுதியிருந்தார். திருகோணமலைக் கடலில் இருக்கிற குப்பையில் பெரும்பங்கு மலைநாட்டிலிருந்து ஆற்றோடு வருவது, கப்பல்களிலிருந்து வருவது, நாங்கள் ஒரு நாள் போட்ட போத்தலைப் பெரிதாக்குவது நியாயமா என்று. ஐயா, ஆறு குப்பை கொண்டு வருவது உண்மைதான். 335 கிலோமீற்றர் ஓடி வருகிற ஆறு, அத்தனை ஊர்களையும் தொட்டுக்கொண்டு வந்து கொட்டியாரக் குடாவில் கலக்கிறது. மாரி வெள்ளத்துக்குப் பிறகு மூதூர்ப் பக்கக் கரையைப் பார்த்தவர்களுக்கு அது தெரியும். கரைவலை இழுக்கிறவர்கள் மீனோடு சேர்த்து என்னென்ன இழுக்கிறார்கள் என்பதையும் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த மான் தின்ற லன்ச் சீற் கண்டியிலிருந்து மிதந்து வரவில்லை. நாங்கள் கையில் கொடுத்தது. மகாவலியை என்னால் நிறுத்த முடியாது, என் கையை நிறுத்த முடியும். இதற்கு மேல் அந்த வாதத்துக்கு என்னிடம் பதில் இல்லை, தேவையும் இல்லை.

சுற்றுலா வருகிறவர்கள் எங்களைவிட மோசம் என்கிறவர்களே, அவர்கள் சுற்றாடலுக்கு என்று பனர் பிடித்து நடக்கவில்லை.

எனக்கு மிகவும் நொந்தது வேறொன்று. "தமிழ், முஸ்லிம், சிங்களம் என்று எல்லாரும் ஒன்றாக நடந்த ஒரு நாளை இந்தப் பெண் கெடுத்துவிட்டாள்" என்று எழுதியிருக்கிறீர்கள். அன்று காலை எனக்குக் கண் கலங்கியது அந்தக் காட்சியைப் பார்த்துத்தான். கிண்ணியாவிலிருந்து பஸ்ஸில் வந்த பிள்ளைகள் என் மகளோடு கை கோத்துக்கொண்டு நடந்தார்கள். ஒரு சிங்கள அம்மா, தனக்குக் கால் நோகிறது என்று என் தோளைப் பிடித்துக்கொண்டே அரைவாசித் தூரம் வந்தார். இந்த ஊரில் ஊர்வலம் என்றாலே கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் இருந்த காலத்தில் வளர்ந்தவள் நான். எனக்கு அந்த நாளின் பெறுமதி தெரியாதா? தெரிந்ததால்தான் இவ்வளவு வலிக்கிறது. அக்கறை இல்லாதவர்கள் செய்திருந்தால் நான் ஒரு வரிகூட எழுதியிருக்க மாட்டேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அதைப் படத்தோடு எழுதவில்லை, எழுதினால் இன்னும் கோபிப்பார்கள் என்று பயந்தேன். இப்போது எப்படியும் கோபித்துவிட்டீர்கள்.

கோட்டை வாசலில் கடைசிக் குழுப்படம் எடுத்தோம் அல்லவா? அந்த இடத்தை விடியற்காலையில் கூட்டித் துப்புரவாக்கி வைத்திருந்த ஒரு பெண், துப்புரவுத் தொழிலாளி, தும்புத்தடியோடு ஓரத்தில் நின்றார். கமெராவுக்குள் விழுந்துவிட்டார். "அக்கா, கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ" என்று எங்களில் ஒருவர் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அவரும் சிரித்துக்கொண்டே தள்ளி நின்றார். படம் எடுத்து, கை தட்டி, பொதி வாங்கி, சாப்பிட்டு, எல்லாரும் போன பிறகு, அவர்தான் அத்தனை போத்தலையும் பொறுக்கி உரப்பையில் போட்டுக்கொண்டிருந்தார். அவர் வந்து சேர முன் மான் முந்திக்கொண்ட ஒரு லன்ச் சீற்தான் அந்தப் படத்தில் இருக்கிறது.

வீட்டுக்கு வரும் வழியில், ஓட்டோவில், மகள் கேட்டாள்: "அம்மா, அந்த அன்ரியை ஏன் தள்ளி நிக்கச் சொன்னவை? அவவும் சுத்தம் செய்யிறவதானே?" நான் வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். பதில் சொல்லவில்லை. அந்தப் படத்தில் நான் இரண்டாவது வரிசையில் நிற்கிறேன். "அவவும் நிக்கட்டும்" என்று சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. அதுதான் என்னை மூன்று நாளாகத் தூங்க விடாமல் வைத்திருக்கிறது, நீங்கள் எழுதிய ஏச்சுகள் இல்லை.

இந்த ஊரின் சுற்றாடலை நடைபவனி காப்பாற்றவில்லை, ஒவ்வொரு நாளும் இருட்டோடு வந்து கூட்டுகிற அவர்களைப் போன்றவர்கள்தான் காப்பாற்றுகிறார்கள். அவர்களுக்கு ஒரு ரீசேட் கொடுத்தோமா? ஒரு பொதி கொடுத்தோமா? இல்லை. குப்பைதான் கொடுத்தோம்.

"எழுதுவது சுலபம், நீ என்ன செய்தாய்?" என்று கேட்கிறீர்கள். நடந்தேன். காசு கட்டினேன். அன்று மத்தியானம் திரும்பப் போய், கோட்டை வாசலிலிருந்து கடற்கரை இறங்குகிற இடம் வரைக்கும் புல்லுக்குள் கிடந்த மிச்சத்தைப் பொறுக்கினேன். அதைப் படம் எடுத்துப் போடவில்லை, இப்போதும் போட மாட்டேன். கண்டல் நடுகிற நாளுக்கும் வருவேன். அங்கேயும் ஒன்று கேட்பேன், இப்போதே சொல்லிவைக்கிறேன்: நடுகிற இடத்தில் உப்பும் வற்றுப்பெருக்கும் கண்டலுக்குப் பொருந்துமா என்று தெரிந்தவர்களிடம் கேட்டுவிட்டு நடுங்கள். சுனாமிக்குப் பிறகு இந்த நாட்டுக் கரையோரத்தில் அவசர அவசரமாக நட்ட பல இடங்களில் ஒரு கன்றுகூட மிஞ்சவில்லை. நட்ட படம் மட்டும் மிஞ்சியது. இதைக் கேட்டாலும் குறை பிடிக்கிறாள் என்பீர்கள். பரவாயில்லை.

கடைசியாக, நடைபவனி வட்ஸ்அப் குழுவிலிருந்து என்னை நீக்கியவளுக்கு.

அது நீதான் என்று எனக்குத் தெரியும், உன்னுடைய பெயரைத்தான் போன் காட்டியது. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்தவர்கள் நாங்கள். நிலாவெளிக் கடலில் இருக்கிற புறாத்தீவுக்கு முதல் முதல் என்னைக் கூட்டிப் போனது நீ. கரையெல்லாம் செத்த முருகைக்கல், பவளப்பாறைத் துண்டுகள், காலுக்குள் நொறுங்க, "இது ஒவ்வொன்றும் உயிரோட இருந்ததடி" என்று நீ சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. அன்று ஆழமில்லாத இடத்தில் முருகைக்கல்லின் மேல் ஏறி நின்று படம் எடுத்த ஒருவரை நீ எப்படி ஏசினாய்! அவர் குடும்பத்தோடு வந்திருந்தார், நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். "நல்ல ஆளெண்டால் என்ன, காலுக்குக் கீழ இருக்கிறது சாகுதே" என்றாய். நான் இந்த மூன்று நாளும் சொல்லிக்கொண்டிருப்பது நீ அன்று சொன்னதைத்தான். எனக்குச் சொல்லித் தந்தவளே என்னைக் குழுவிலிருந்து எடுத்துவிட்டாய்.

இந்தப் பதிவை நீ வாசிப்பாய். கமெண்ட் போட மாட்டாய், உன்னை எனக்குத் தெரியும். அடுத்த வருடமும் நடைபவனி வைப்பீர்கள், வைக்கத்தான் வேண்டும். அம்மாவின் அண்டா எங்கள் குசினியில் கவிழ்த்துக் கிடக்கிறது. பேணிகளை நேற்று எண்ணிப் பார்த்தேன், நாற்பத்திமூன்று இருக்கிறது. யாரையாவது அனுப்பாதே. நீயே வந்து எடுத்துக்கொண்டு போ.