ரீமேப் செய்த டீசல் காரில் கிளட்சைத் தொட வேண்டாமா?

"டர்போ டீசலை ரீமேப் செய்தால் (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் மென்பொருளை மாற்றினால்) குதிரைத்திறன்தான் கூடும்; ஆக்சிலை (சக்கரத்தைச் சுழற்றும் தண்டை) மட்டும் வலுவாக்கினால் போதும், கிளட்சைத் தொட வேண்டாம்" என்று கும்பகோணத்து நண்பர் ஒருவர் எழுதியிருப்பது பலரை வீண் செலவில் தள்ளிவிடும். எஞ்சினையும் கியர்பெட்டியையும் இணைக்கும் கிளட்ச் தாங்க வேண்டியது குதிரைத்திறனை அன்று, முறுக்குவிசையை, அதாவது எஞ்சின் தண்டைத் திருகும் விசையை. டர்போ டீசலில் அது எஞ்சினின் குறைந்த சுழற்சி வேகத்திலேயே உச்சத்தைத் தொட்டுவிடுகிறது. எடுத்துக்காட்டாக, 200 நியூட்டன் மீட்டர் 260 ஆனால், முதல் கியர் விகிதம் 3.5, இறுதி விகிதம் 4 என்ற கணக்கில், உராய்வு இழப்பு நீங்கலாக, இரண்டு ஆக்சில்களுக்கும் சேர்த்து வரும் முறுக்குவிசை 2,800இலிருந்து 3,640 நியூட்டன் மீட்டராக உயர்கிறது. ஆக்சிலைப் பற்றி அவர் கவலைப்படுவது சரியே. ஆனால் கிளட்ச் வழுக்குவது பெரும்பாலும் உயர் கியரில்தான்: தஞ்சாவூர் சாலையில் நெல் லாரிக்குப் பின்னால் ஊர்ந்து வந்து, கியரைக் குறைக்காமல் (நம் பக்கத்தில் பலருக்கும் உள்ள பழக்கம்) ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்து முந்தும்போது, காரின் வேகம் ஏறாமல் எஞ்சின் சுழற்சி மட்டும் ஏறினால், பிரஷர் பிளேட்டின் (கிளட்ச் தட்டை அழுத்திப் பிடிக்கும் பாகத்தின்) அழுத்தம் போதவில்லை அல்லது கிளட்ச் தட்டு தேய்ந்துவிட்டது என்று பொருள். அதற்காகத் தேவைக்கு மிஞ்சிய பந்தயக் கிளட்சைப் பொருத்துவதும் தவறு. வழுக்கித் தணிய வேண்டிய அதிர்ச்சி அப்போது கியர்ப்பற்களுக்கும் ஆக்சில் மூட்டுகளுக்கும் நேராகப் போய்ச் சேரும். புதிய முறுக்குவிசைக்குச் சற்று மேலான தாங்குதிறனுள்ள கிளட்சை முதலில் மாற்றி, பிறகு ஆக்சிலுக்குச் செல்வதே முறை.