விசார்ட்ரியில் லெவல் ஏறுவது பாதாளத்தில் அல்ல, சத்திரத்தில்

2024 மே மாதம் டிஜிட்டல் எக்லிப்ஸ் நிறுவனம் ஆறு பேர் கூட்டத்தோடு பாதாளத்தில் இறங்கிச் சண்டையிடும் விசார்ட்ரி கணினி ஆட்டத்தின் முதல் பாகத்துடைய மறு ஆக்கத்தை முழுமையாக வெளியிட்டதிலிருந்து புதிதாக ஆட வருபவர்களிடம் ஒரே புலம்பல்தான். "நியாயமே இல்லாத கேம், முதல் கதவைத் திறந்ததும் பாதிப் பேர் செத்துட்டாங்க." அதற்குப் பழைய ஆட்டக்காரர்கள் சொல்லும் பதிலும் ஒன்றேதான்: "இன்னும் கொஞ்சம் லெவல் ஏத்திட்டுப் போங்க." இந்தப் பதில் பாதிதான் சரி. லெவல் ஏற்றச் சொல்கிறார்களே தவிர, எப்போது திரும்பி வர வேண்டும் என்பதைச் சொல்வதில்லை. 1981-ல் ஆண்ட்ரூ கிரீன்பெர்க்கும் ராபர்ட் உட்ஹெட்டும் ஆப்பிள் 2 கணினிக்காக எழுதிய இந்த ஆட்டத்தின் உயிர்நாடியே அதுதான். மறு ஆக்கத்தில் திரை ஓரத்தில் அந்தப் பழைய ஆப்பிள் திரையையே காட்டுகிறார்கள். பளபளப்புக்குக் கீழே ஓடுவது அதே பழைய கணக்கு.

பாதாளத்தில் எத்தனை எக்ஸ்பி (சண்டையில் வென்றால் கிடைக்கும் அனுபவப் புள்ளி) சேர்த்தாலும் அங்கேயே லெவல் ஏறாது. மேலே இருக்கும் கோட்டைக்கு வந்து, அட்வென்சரர்ஸ் இன் சத்திரத்தில் தங்கினால்தான் ஏறும். வாள் வீசும் ஃபைட்டருக்கு இரண்டாம் லெவலுக்கு 1000 எக்ஸ்பி வேண்டும். 1200 சேர்த்து வைத்துக்கொண்டு "இன்னும் ஒரு அறை பார்த்துடலாம்" என்று உள்ளேயே சுற்றும் ஃபைட்டர் இன்னமும் முதல் லெவல் ஆள்தான், அதே பழைய ஹெச்பியோடு, அதாவது உயிர்ப் புள்ளிகளோடு. புதியவர்களின் கூட்டம் மொத்தமாக அழிவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். அதுவும் ஆட்டம் தானாகவே சேமித்துக்கொள்ளும். செத்தால் செத்ததுதான், பழைய சேமிப்பைத் திறந்து தப்பிக்கும் பேச்சே இல்லை.

முதலில் ஆள் சேர்ப்பு. ஆறு பேரில் முன்வரிசை மூவரால்தான் ஆயுதம் வீச முடியும், பின்வரிசை மூவருக்கு மந்திரம் மட்டும். ஆகவே முன்னால் மூன்று ஃபைட்டர், பின்னால் ப்ரீஸ்ட் (ஆறவைக்கும் பூசாரி), மேஜ் (தாக்கும் மந்திரவாதி), தீஃப் (பொறி பார்க்கும் திருடன்). இதற்கு மேல் யோசிக்கத் தேவையில்லை. ஆளை உருவாக்கும்போது அவர் குணங்களில் சேர்க்கக் கிடைக்கும் போனஸ் புள்ளிகள் பெரும்பாலும் 10-க்குள்தான் விழும், எப்போதாவது 15-ஐத் தாண்டும். அந்தப் பெரிய எண்ணுக்காக மணிக்கணக்கில் ஆள் உருவாக்கி அழிப்பவர்கள் இருக்கிறார்கள். உயர்ந்த குணங்கள் கேட்கும் சாமுராய் வகுப்பு வேண்டுமென்றால் சரி, மற்றபடி வீண் வேலை. கிடைத்த புள்ளியில் வகுப்புக்கு முக்கியமான குணத்தில் தேவையான 11-ஐ நிரப்பிவிட்டு மீதியை வைட்டாலிட்டியில் (உடல் உறுதி) போடுங்கள். அது 16-ஐத் தொட்டதிலிருந்து ஒவ்வொரு லெவலுக்கும் கூடுதல் ஹெச்பி தருகிறது. செத்தவரை எழுப்பும்போது எழுவாரா, சாம்பலாவாரா என்பதையும் அதுதான் பாதிக்கிறது. இனங்களில் முன்வரிசைக்கு ட்வார்ஃப் (குள்ளர்) பொருத்தம். வைட்டாலிட்டியும் வலிமையும் 10-லேயே தொடங்கும்.

ஒவ்வொரு ஆளுக்கும் குட், நியூட்ரல், ஈவில் என்று ஒரு சார்பு உண்டு. குட், ஈவில் இரண்டையும் கூட்டம் சேர்க்கும் மதுக்கடையில் ஒரே கூட்டத்தில் சேர்க்க முடியாது. தீஃப் குட்டாக இருக்க முடியாது, ப்ரீஸ்ட் நியூட்ரலாக இருக்க முடியாது. ப்ரீஸ்ட்டை குட் ஆக்கிவிட்டு மற்ற எல்லோரையும் நியூட்ரலாக வைத்தால் தலைவலி இல்லை. உள்ளே சில அரக்கர்கள் சண்டைக்கு வராமல் நட்பாக நிற்பார்கள். அவர்களைக் குட் ஆள் தாக்கினால் ஈவில் ஆகிவிடும் அபாயம் உண்டு. விட்டுவிட்டுப் போங்கள்.

பணத்தை எல்லாம் ஒருவரிடம் திரட்டி போல்டாக் கடைக்குப் போங்கள். லாங் ஸ்வோர்டு 25 கோல்டு, பெரிய கேடயம் 40, லெதர் ஆர்மர் 50, செயின் மெயில் 90. முன்வரிசைக்கு வாளும் கேடயமும் முதலில், மிச்சத்தில் முடிந்த அளவுக்குக் கவசம். கவசத்தின் பலத்தைக் காட்டும் ஏசி எண் 10-ல் தொடங்கும், குறையக் குறைய நல்லது. மேஜுக்கு 15 கோல்டு அங்கி போதும். அவரை அடி விழாத இடத்தில் வைப்பதுதான் அவருக்கான கவசம்.

இனி உள்ளே. ஒவ்வொரு தளமும் 20-க்கு 20 கட்டம், மொத்தம் 10 தளம். முதல் லெவல் மேஜால் இரண்டே முறை மந்திரம் சொல்ல முடியும். அந்த இரண்டையும் கட்டினோ என்ற தூக்க மந்திரத்துக்கு வையுங்கள். இன்னொரு மந்திரமான ஹாலிட்டோ ஒருவனுக்கு 1 முதல் 8 வரை நெருப்பு, அவ்வளவுதான். கட்டினோ ஒரு குழுவையே தூங்க வைக்கும், தூங்குகிறவன் மேல் விழும் அடி இரட்டிப்பு. முதல் தளத்து ஆர்க், கோபோல்டு, கொள்ளைக்காரர் கூட்டங்களுக்கு இதைவிட நல்ல மருந்து கிடையாது. எலும்புக் கூட்டம் மாதிரி செத்துப்போன வகைகளுக்கு மட்டும் தூக்கம் வராது. அவற்றை ப்ரீஸ்ட் விரட்டலாம், ஆனால் விரட்டியதற்கு எக்ஸ்பி கிடையாது. உயிர் தப்ப மட்டும் அதைப் பயன்படுத்துங்கள்.

ஆக முதல் லெவலில் ஒரு பயணம் என்பது இரண்டு சண்டை. படிக்கட்டுக்குப் பக்கத்து அறை ஒன்று, மிஞ்சினால் இன்னொன்று. கட்டினோ ஒன்றுதான் பாக்கி என்றால் முகம் படிக்கட்டுப் பக்கம் திரும்பியிருக்க வேண்டும், ஏனென்றால் திரும்பும் வழியிலும் யாராவது மறிப்பார்கள். ஹெச்பியைப் பார்த்து முடிவெடுப்பவர்கள் தோற்கிறார்கள், மீதி மந்திரத்தைப் பார்த்து முடிவெடுப்பவர்கள் பிழைக்கிறார்கள். இந்தப் பதிவில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

கோட்டைக்கு வந்ததும் சத்திரத்தில் பணத்தைக் கொட்டாதீர்கள். வாரம் 500 கோல்டு கொடுத்து ராயல் சூட்டில் படுத்தால் 10 ஹெச்பி ஏறும், கூடவே வயதும் ஏறும். குதிரை லாயம் இலவசம். அதில் ஹெச்பி ஏறாது, ஆனால் மந்திரங்கள் முழுசாகத் திரும்பிவிடும், வயதும் கூடாது. அதனால் ப்ரீஸ்ட்டை லாயத்தில் படுக்க வையுங்கள். எல்லோரோடும் பாதாளத்துக்குள் இறங்கி, முதல் கட்டத்திலேயே முகாம் போட்டு டியோஸ் என்ற ஆற்றும் மந்திரம் சொல்லி ஆறவைத்து, அப்படியே மேலே ஏறி மறுபடி லாயம். நாலைந்து முறை செய்தால் காசு செலவில்லாமல் கூட்டம் முழுக்கத் தேறிவிடும். சலிப்பான வேலைதான். ஆனால் அந்தக் காசில்தான் 200 கோல்டு பிரெஸ்ட் பிளேட்டும் 100 கோல்டு ஹெல்மும் வர வேண்டும்.

லெவல் ஏறும்போது நல்லது மட்டுமே நடக்கும் என்று நினைக்க வேண்டாம். வலிமை, வைட்டாலிட்டி எல்லாம் கூடவும் செய்யும், குறையவும் செய்யும். வயது ஏற ஏறக் குறையும் வாய்ப்பு அதிகம். ஹெச்பி விஷயம் சுவாரஸ்யமானது. ஃபைட்டருக்குப் பத்துப்பக்கப் பகடை, ப்ரீஸ்ட்டுக்கு எட்டு, தீஃபுக்கு ஆறு, மேஜுக்கு நாலு. ஒவ்வொரு லெவலிலும் அதுவரையிலான எல்லாப் பகடையையும் முதலிலிருந்து உருட்டும் ஆட்டம் இது. வந்த கூட்டுத்தொகை பழையதைத் தாண்டினால் அது புதிய ஹெச்பி. தாண்டாவிட்டால் வெறும் 1 கூடும். ஆகவே ஒரு லெவலில் 1 மட்டும் ஏறியதற்காக ஆளைத் தூக்கிப் போடாதீர்கள், அடுத்த லெவலில் 12 கூட ஏறலாம்.

பொறி வைத்த புதையல் பெட்டிகளால்தான் அடுத்த சாவு. அறைச் சண்டையில்தான் பெட்டி கிடைக்கும், நடைபாதையில் மறிப்பவர்களிடம் சில்லறை மட்டும். பொறியைத் தீஃப்தான் பார்க்க வேண்டும். அவரது அஜிலிட்டியை (சுறுசுறுப்பு) ஆறால் பெருக்கினால் வருவதுதான் சரியாகக் கண்டுபிடிக்கும் சதவீதம், அதிகபட்சம் 95. ப்ரீஸ்ட்டுக்குப் பொறி கண்டறியும் கால்ஃபோ மந்திரம் வந்துவிட்டால் அதுவும் 95 சதவீதம் சரி. இரண்டும் ஒரே பெயரைச் சொன்னால் மட்டும் எடுக்க முயலுங்கள், வேறு வேறு சொன்னால் விட்டுவிடுங்கள். விஷ ஊசி, வாயுக் குண்டு எல்லாம் ஆரம்பத்தில் கொடுமை, ஏனென்றால் விஷம் முறிக்கும் லாட்டுமோஃபிஸ் ப்ரீஸ்ட்டின் நாலாம் படி மந்திரம், ஏழாம் லெவலுக்குத்தான் வரும். அதுவரை கடையில் 300 கோல்டு மருந்து ஒன்று கையில் இருக்கட்டும், அல்லது படிக்கட்டுக்கு ஓடுங்கள். கோட்டைக்கு வந்துவிட்டால் விஷம் போய்விடும். அடையாளம் தெரியாத பொருளை அணிந்து பார்க்கும் விளையாட்டு வேண்டவே வேண்டாம். சபிக்கப்பட்டது கையோடு ஒட்டிக்கொள்ளும். கடையில் அடையாளம் காட்ட வாங்கும் கூலியும் அந்தப் பொருளை விற்றால் வரும் காசும் ஒன்றே என்பதால் லாபமே இல்லை. இதற்காகவே பொருள்களை அடையாளம் காணும் பிஷப் ஒருவரை உருவாக்கி மதுக்கடையிலேயே உட்கார வைத்துக்கொள்வது வழக்கம்.

மேஜ் ஐந்தாம் லெவலைத் தொட்டு மாஹாலிட்டோ கற்கும் வரை முதல் தளத்தை விட்டு அதிகம் இறங்காதீர்கள். குழு முழுவதையும் எரிக்கும் முதல் மந்திரம் அது. கூட்டம் அந்த அளவுக்குத் தேறியதும் முதல் தளத்திலேயே ஒரு பரிசு காத்திருக்கிறது. சிலை இருக்கும் அறையில் தேடினால் மர்ஃபியின் பேய்கள் வரும். அடித்தால் லேசில் படாது, திருப்பி அடித்தாலும் பெரிதாக வலிக்காது, ஒவ்வொன்றும் 4000-க்கு மேல் எக்ஸ்பி. உயிரோடு இருப்பவர்களுக்குப் பங்கு பிரித்துத் தரப்படும். வெளியே போய் வந்தால் மறுபடியும் அங்கே இருக்கும். இதை நேரம் போகாத வேலை என்று கிண்டல் செய்பவர்கள் உண்டு. இரண்டு, மூன்றாம் தளங்களில் பாதி பலத்தோடு அலைவதை விட இது எவ்வளவோ மேல் என்பேன்.

எட்டாம் லெவல் வாக்கில் நாலாம் தளத்து மான்ஸ்டர் அலோகேஷன் சென்டர். அங்கே மேஜ், ப்ரீஸ்ட், நிஞ்சா கலந்த ஒரு கூட்டத்தோடு கட்டாயச் சண்டை. முதல் சுற்றிலேயே அவர்களது ப்ரீஸ்ட், மேஜ் வாயை மந்திரம் சொல்ல விடாத மாண்டினோவால் அடைக்கப் பாருங்கள், நம் மேஜ் கையில் இருப்பதிலேயே பெரியதை வீசட்டும். இங்கே சாவு மோதிரம் ஒன்று கிடைக்கும். அணிந்தால் நடக்க நடக்க ஹெச்பி உறிஞ்சும், ஆனால் விற்றால் இரண்டரை லட்சம் கோல்டு. பிறகு நீல ரிப்பன். அது இருந்தால் இரண்டாவது லிஃப்ட் நாலிலிருந்து ஒன்பது வரை போகும். ஐந்து முதல் எட்டு வரையிலான தளங்களில் கதைக்குத் தேவையானது எதுவும் இல்லை. வரைபடம் வரையும் ஆசை உள்ளவர்கள் போகலாம், மற்றவர்களுக்குத் தேவையில்லை.

இவ்வளவு செய்தும் ஒருநாள் மொத்தக் கூட்டமும் விழும். உடல்கள் விழுந்த இடத்திலேயே கிடக்கும். இரண்டாவது கூட்டம்தான் போய்த் தூக்கி வர வேண்டும். கவனிக்க வேண்டியது: ஆறு பேராகப் போனால் ஒருவரையும் தூக்க முடியாது, இடம் இல்லை. மூன்று பேர் போனால் மூன்று உடல். ஆகவே முதல் நாளிலிருந்தே இன்னொரு கூட்டத்தை நாலைந்து லெவலுக்கு வளர்த்து வையுங்கள். கான்ட் கோயிலில் செத்தவரை எழுப்பும் காணிக்கை லெவலுக்கு 250 கோல்டு. எழாமல் சாம்பலானால் லெவலுக்கு 500. அதுவும் தவறினால் ஆள் நிரந்தரமாகப் போய்விடுவார்.

வகுப்பு மாற்றம் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். மாற்றினால் லெவல் 1, எக்ஸ்பி பூஜ்யம், வயது சில ஆண்டுகள் கூடும், குணங்கள் எல்லாம் இனத்தின் அடிப்படை எண்ணுக்கு விழும். ஹெச்பியும் கற்ற மந்திரங்களும் தங்கும். வைட்டாலிட்டி 6-க்கு இறங்கிய எல்ஃபை எழுப்ப வேண்டி வந்தால் கோயில் வாசலில் நின்று கும்பிட வேண்டியதுதான். மேஜ் ஆளை, அவரது மிகப் பெரிய தாக்கும் மந்திரமான டில்டோவெயிட் வரும் பதின்மூன்றாம் லெவலுக்கு முன் மாற்றுவது பெரிய தவறு. அந்த லெவலை எட்டிவிட்டாலோ, இந்த ஆட்டத்தை முடிக்க மாற்றமே தேவைப்படாது. இடம் மாற்றும் மந்திரமான மாலோரும் அதே படியில்தான் வரும். டூமாபிக் மந்திரம் சொல்லி, நாம் நிற்கும் கட்டத்தைத் தெரிந்துகொள்ளாமல் மாலோர் சொல்லாதீர்கள். கணக்குத் தப்பிப் பாறைக்குள் போனால் எழுப்ப உடலே கிடைக்காது.

கடைசிக் கட்ட லெவலுக்கு எங்கே போவது? பத்தாம் தளம்தான். பயப்பட வேண்டாம், சொல்கிறேன். ஒன்பதாம் தளத்தில் லிஃப்ட்டை விட்டு இறங்கியதும் கொஞ்ச தூரத்திலேயே கீழே தள்ளும் சரிவு. விழும் இடத்துக்குப் பக்கத்திலேயே கோட்டைக்குத் திருப்பி அனுப்பும் டெலிபோர்ட்டர். உள்ளே நுழைந்ததும் மாபோர்ஃபிக் சொல்லிக் கூட்டத்தின் ஏசியைக் குறைத்துக்கொண்டு, முதல் அறைக் கதவை மட்டும் உதையுங்கள். பாய்சன் ஜயன்ட் கூட்டம் வந்தால் மாக்கனிட்டோ ஒன்றே போதும், மூச்சுவிடும் முன் மொத்தமாகச் சாயும், தலைக்கு நாற்பதாயிரத்துக்கு மேல் எக்ஸ்பி. கிரேட்டர் டீமன் வந்தால் மாண்டினோவால் வாயடைத்துவிட்டு ஒன்றை மட்டும் உயிரோடு வைத்து அடிக்கும் உத்தி இருக்கிறது. அது துணைக்கு ஆள் அழைத்துக்கொண்டே இருக்கும், நாம் வந்தவற்றை வெட்டிக்கொண்டே இருக்கலாம். ஆனால் முன்வரிசை ஏசி நன்றாகக் கீழே இறங்கியிருந்தால் மட்டும். அதன் அடியில் விஷமும் முடக்கமும் உண்டு, ப்ரீஸ்ட்டிடம் முடக்கம் நீக்கும் டயல்கோ குறையத் தொடங்கினால் எல்லாவற்றையும் முடித்துவிட்டுக் கிளம்புங்கள். வாம்பயர் வகை வந்தால் எக்ஸ்பி ஆசையே வேண்டாம். அவை உறிஞ்சிய லெவல் திரும்பக் கிடைக்காது, ஓடிவிடலாம். சண்டை ஒன்று முடிந்ததும் பின்னால் திரும்பி டெலிபோர்ட்டர், லாயம், மறுபடி லிஃப்ட். இரண்டாவது அறைக் கதவை கடைசி எதிரியான வெர்ட்னாவைத் தேடிப் போகும் அன்றைக்குத் திறந்தால் போதும்.